பூஞ்சைதான் என்று பார்த்துச் சொன்னது யார்?

கேள்வி:

எனக்கு வயது 41. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் தொழில் செய்கிறேன். ஒரு வருடத்துக்குள் ஐந்து முறை பிறப்புறுப்பில் அரிப்பும் எரிச்சலும் வந்துவிட்டது. முதல் தடவை மருந்துக்கடையில் சொல்லி ஒரே ஒரு மாத்திரை வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் சரியானது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை நாலைந்து மாத்திரைகள் சேர்ந்த ‘கிட்’ ஒன்றைக் கொடுத்தார்கள். நான்காவது தடவை ஒரு களிம்பு. தடவினால் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்பைவிட மோசமாக வருகிறது. கடைசியாக ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, “ஒன்றுமில்லை, பூஞ்சைதான்” என்று அதே மாத்திரையை விட்டு விட்டு மூன்று முறை போடச் சொன்னார். இரண்டாவது மாத்திரை போட்ட மறுநாள் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கமே வந்துவிட்டது. மாத்திரைச் சூடு என்று நிறுத்திவிட்டேன். கணவருக்கும் என்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பூஞ்சையை நிரந்தரமாக ஒழிக்க நல்ல மாத்திரை எது? (எனக்குச் சர்க்கரை உண்டு. ஏழு வருடமாக மாத்திரை எடுக்கிறேன். போன தீபாவளிக்கு முன்னால் கூடுதலாக ஒன்று சேர்த்தார்கள். மற்றபடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறேன்.)

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. உங்கள் மேல் அல்ல. ஐந்து முறை அரிப்பு, நான்கு விதமான வைத்தியம், ஒரு ஸ்கேன். இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட உங்களைப் படுக்கவைத்து, விளக்கைப் போட்டு, அரிக்கிற இடத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் முறை படித்தபோது, அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த சர்க்கரை விஷயம் கண்ணில் பட்டது. முழுக் கடிதத்திலும் முக்கியமான இடம் அதுதான். பிறகு அதற்கு வருகிறேன்.

நல்ல மாத்திரை எது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது பூஞ்சைதானா என்பதே எனக்குத் தெரியாது. வருத்தப்படாதீர்கள், உங்களுக்கும் தெரியாது. மருந்துக்கடைக்காரருக்கும் தெரியாது, ஸ்கேன் பார்த்தவருக்கும் தெரியாது. ஸ்கேன் கர்ப்பப்பையின் அளவைச் சொல்லும், சினைப்பையில் கட்டி இருந்தால் சொல்லும். அரிப்புக்குக் காரணம் சொல்ல அதனால் ஆகாது.

முதல் இரண்டு தடவை மாத்திரையில் குணமாயிற்றே, அப்படியென்றால் பூஞ்சைதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இருந்திருக்கலாம். ஆனால் இந்த இடத்து எரிச்சல் சில நேரம் மருந்தே இல்லாமலும் சில நாளில் தணியும். தணிந்த பெருமை அப்போது கையில் இருந்த மாத்திரைக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் கடையில் தாங்களாகவே பூஞ்சை மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து ஓர் ஆய்வை 2002இல் வெளியிட்டார்கள். அவர்களில் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களில் சிலருக்குப் பாக்டீரியா, சிலருக்கு இரண்டும் கலந்தது, ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு எந்தத் தொற்றுமே இல்லை. அத்தனை பேரும் “எனக்குப் பூஞ்சைதான்” என்று நம்பித்தான் காசு கொடுத்து வாங்கினார்கள்.

அடையாளம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், ஓரளவுக்கு முடியும். தயிர்த் திப்பி போல் வெள்ளைபட்டு, துர்நாற்றம் இல்லாமல், அரிப்பு உயிரை எடுத்தால் பூஞ்சை என்று பாடப்புத்தகம் சொல்லும். சாம்பல் நிறத்தில் நீர்க்க வந்து மீன் வாடை அடித்தால் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கிறது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி. ஆனால் நோய்கள் பாடப்புத்தகத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. பூஞ்சை உள்ள பலருக்குத் திப்பியே இருக்காது. தொற்றே இல்லாமல் சோப்பு, டெட்டால், வாசனை போட்ட நாப்கின் பட்டு வந்த ஒவ்வாமையும் அதே மாதிரிதான் அரிக்கும். தொடையிடுக்குப் படர்தாமரையும் பூஞ்சைதான் என்றாலும், அது வேறு இனம், வைத்தியமும் வேறு.

பார்க்காமல் எழுதுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை இல்லை. பணியில் சேர்ந்த புதிதில் நானும் அதையே செய்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, அரிப்பு என்று வந்தார். வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே மாத்திரை எழுதினேன். அடுத்த மாதம் வந்தார், எழுதினேன். மூன்றாம் முறையும் எழுதினேன். நான்காம் முறை அவர் வந்த அன்று நான் விடுப்பு. என் இடத்தில் இருந்த மூத்த மருத்துவர் அவரைப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறார். தோல் வெங்காயச் சருகு போல வெளுத்துச் சுருங்கி, பிறப்புறுப்பின் உதடுகள் ஒட்டத் தொடங்கியிருந்தன. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று அதற்குப் பெயர். அது பூஞ்சையே அல்ல, ஒரு தோல் நோய். அதற்கு வேண்டியது வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றாகவும் மாறும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஈஸ்ட் என்னும் இந்தப் பூஞ்சைத் தொற்று சாதாரணமாக வராது என்று படித்துத் தேர்வு எழுதி வந்தவள்தான் நான். ஒரு நிமிடம் எழுந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

சரி, ஒழுங்காகப் பார்ப்பது என்றால் என்ன?

முதலில் வெளித்தோல். சிவந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, புண் உண்டா. பிறகு வாத்து அலகு போன்ற ஸ்பெகுலம் என்ற கருவியை மெதுவாக வைத்து உள்ளே பார்ப்போம். உடம்பை இறுக்காமல் மூச்சை நீளமாக விட்டால் வலி பெரும்பாலும் இருக்காது. உள்சுவரைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்து எடுப்போம். திருமணமாகாத பெண்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு ஸ்பெகுலம் இல்லாமலே குச்சியால் மட்டும் எடுக்கலாம். சொல்லிக்கொடுத்தால் நீங்களே எடுத்துத் தரலாம். இதற்காகப் பயந்து வராமல் இருக்காதீர்கள்.

அந்தக் குச்சியை ஒரு சின்ன நிறத்தாளில் தொடுவோம். நலமான பெண்ணுறுப்பு புளித்த மோர் போல அமிலத் தன்மையோடு இருக்கும். பி.எச். அளவு 4.5க்குள். ஈஸ்ட் வந்தாலும் பெரும்பாலும் அது மாறாது. 4.5ஐத் தாண்டினால் பாக்டீரியா அல்லது டிரைக்கோமோனஸ் பக்கம் சந்தேகம் திரும்பும். மாதவிடாய் ரத்தமோ விந்தோ கலந்திருந்தாலும் தாளின் நிறம் மாறிவிடும். அதனால்தான் வருகிற நாளைப் பார்த்து வரச் சொல்வது.

பிறகு கண்ணாடிச் சில்லு. ஒரு பக்கம் ஒரு சொட்டு உப்புநீர், மறுபக்கம் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. இந்த இரண்டாவது சொட்டு பட்டதும் மீன் வாடை குப்பென்று வந்தால் பாக்டீரியா என்பதற்கு அது ஒரு சாட்சி. நுண்ணோக்கியில் உப்புநீர்ப் பக்கம் பார்த்தால், பாக்டீரியாக் கோளாறில் செல்கள் மிளகுப்பொடி தூவிய அப்பளம் மாதிரி புள்ளிபுள்ளியாகத் தெரியும். டிரைக்கோமோனஸ் இருந்தால் குட்டைத் தண்ணீரில் தலைப்பிரட்டை துள்ளுவதுபோல ஏதோ துள்ளும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பொட்டாசியம் பட்ட பக்கத்தில் நம் செல்கள் எல்லாம் கரைந்து, கரையாத பூஞ்சை மட்டும் மிஞ்சும். மூங்கில் கணு போல மூட்டு மூட்டாக நீளும் இழைகள், பக்கத்தில் மொட்டு விட்ட சிறு உருண்டைகள். பார்த்தாயிற்று, பூஞ்சை. இவ்வளவுக்கும் பத்து நிமிடம் போதும்.

ஆனால் ஒன்று. பூஞ்சை உண்மையிலேயே இருந்தும் நுண்ணோக்கியில் கண்ணில் படாமல் போவது சகஜம். பாதிப் பேர்வரை அப்படித் தப்பிவிடுகிறார்கள். எனவே அறிகுறி இருந்து, சில்லில் ஒன்றும் தெரியாவிட்டாலும், உங்களைப்போல் திரும்பத் திரும்ப வந்தாலும் கல்ச்சர், அதாவது குச்சியில் எடுத்ததை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது, செய்தே ஆக வேண்டும். வருடத்துக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் அதைத் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்ற தனி வகையில் சேர்க்கிறோம். உங்கள் ஐந்து முறையும் பூஞ்சைதான் என்றால் நீங்கள் அந்த வகை. அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை.

இந்தக் கல்ச்சரில்தான் நம்மூரில் ஒரு வேடிக்கை நடக்கிறது. சீட்டில் வெறுமனே ‘ஸ்வாப் கல்ச்சர்’ என்று எழுதினால் சில ஆய்வகங்களில் பாக்டீரியாவுக்கு மட்டும் பார்ப்பார்கள். ஈ.கோலை வளர்ந்தது என்று ரிப்போர்ட் வரும். அது அந்த இடத்தில் சும்மா குடியிருக்கக் கூடியதுதான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒருவர் ஆன்டிபயாடிக் எழுதுவார். ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாக்களைக் கொல்லும், அந்தக் காலி இடத்தில் ஈஸ்ட் அமோகமாக விளையும். பிறகு மறுபடியும் அரிப்பு. ஆகவே சீட்டில் ‘பூஞ்சைக் கல்ச்சர், இனம் கண்டறியவும்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாளில் வளரும், இனம் சொல்ல இன்னும் ஓரிரு நாள் ஆகலாம்.

இனம் எதற்கு என்றால், மாத்திரை போட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்றீர்களே, அதற்குத்தான். பெரும்பாலும் வருவது கேண்டிடா அல்பிகன்ஸ். நீங்கள் போட்ட ஒற்றை மாத்திரை அநேகமாக ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராமாக இருக்கும்; அதற்கு அது பெரும்பாலும் அடங்கும். அதன் பங்காளியான கிளாப்ராட்டா அவ்வளவு எளிதில் அடங்காது. குருசெய் என்று ஒன்று உண்டு, அது இந்த மாத்திரையை மதிப்பதே இல்லை. பெயர் தெரிந்தால்தான் மருந்தை மாற்ற முடியும். தெரியாமல் அதே மாத்திரையை ஆறு தடவை போடுவது, தவறான சாவியை ஆறு தடவை திருகுவதுதான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நூற்றில் பத்திலிருந்து இருபது பெண்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே ஈஸ்ட் அங்கே இருக்கும். சிறுநீர்ப் பரிசோதனையிலோ புற்றுநோய்க்கான பாப் ஸ்மியரிலோ தற்செயலாக ‘ஈஸ்ட்’ என்று ஒரு சொல் வந்துவிட்டது என்று அலறிக்கொண்டு வருகிறார்கள். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை என்றால் அவர்களுக்கு வைத்தியமே தேவையில்லை. காலையில் டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பி, அது நூலாக இறங்கினால் உடம்பு முழுக்கப் பூஞ்சை என்று சொல்லும் வீடியோக்களும் எனக்கு வந்து சேர்கின்றன. எச்சில் தண்ணீரில் இறங்கத்தான் செய்யும், அதை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் அடைப்புக்குறிக்கு வருவோம். சர்க்கரை ரத்தத்தில் கூடினால் ஈஸ்ட்டுக்கு விருந்து. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்? அதைவிட முக்கியம், தீபாவளிக்கு முன் சேர்த்த அந்தப் புது மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடிகிறதா? டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், இப்படி. இந்த வகை மாத்திரைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பவை. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் தினமும் பலமுறை அந்த இடத்தைத் தொட்டுப் போகிறது. பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று இவற்றின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. உங்கள் அரிப்பும் அந்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியிருக்கின்றன. மாத்திரை கொடுத்தவர் அரிப்பைப் பற்றிக் கேட்கவில்லை, அரிப்புக்கு மருந்து கொடுத்தவர்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்காக நாளைக்கே அதை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, மாற்றுவதா, சுத்தம் பேணித் தொடர்வதா என்பதைச் சர்க்கரை மருத்துவர் முடிவு செய்யட்டும். எனக்கே இந்தக் கதை பூஞ்சையைத்தான் காட்டுகிறது என்றாலும், பார்க்காமல் நானும் ஐந்தாவது ஊகக்காரியாக இருக்க விரும்பவில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த வகை மாத்திரை எடுக்கும்போது காய்ச்சலோடு, பிறப்புறுப்பிலோ ஆசனவாய்ப் பக்கமோ கடும் வலியும் வீக்கமும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வம்தான், ஆனால் அங்கே ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

மிஷினில் வந்த அந்த மயக்கம் எனக்கு உறுத்துகிறது. வியர்வை, நடுக்கம், மயக்கம், இது மாத்திரைச் சூடு அல்ல. சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். பழைய சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். ஃப்ளுகோனசோல் அவற்றை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற விடாது. அதனால் வழக்கமான அளவே கூடுதல் அளவைப்போல வேலை செய்து சர்க்கரையை இறக்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினோடும் இந்த மாத்திரை சண்டை போடும். கர்ப்பம் தரித்திருக்க வாய்ப்பிருந்தால் வாய்வழி மாத்திரையே வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரையும் களிம்பும்தான். ஒற்றை மாத்திரை, சாதுவானது என்று கடையில் எடுத்துக் கொடுக்கிறார்கள். அத்தனை சாது இல்லை.

களிம்பு டியூபையும் தேடி எடுங்கள். பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவினால் அரிப்பு நிற்பதும் விட்டால் இரட்டிப்பாக வருவதும் அதன் கைங்கரியம். பூஞ்சை சாகாது, சிவப்பு மட்டும் மறையும். அடையாளமும் கலைந்துவிடுவதால் பார்க்கிற மருத்துவருக்கும் குழப்பம். நிறுத்துங்கள். டியூபை எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக முடிந்தால் மகளிர் பிரிவுக்குப் போகலாம். என்னைக் கேட்டால், அங்கேயே உள்ள பால்வினை நோய்ப் பிரிவில் இந்தச் சில்லுகளைத் தினசரி பார்த்துப் பழகியவர்கள் இருக்கிறார்கள். பலகையில் உள்ள பெயரைப் பார்த்துப் பெண்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் வெள்ளைப்படுதலுக்கு ஒரு பச்சை நிறக் கிட் கொடுப்பார்கள். ஆய்வக வசதி இல்லாத இடத்தில் அறிகுறியை வைத்துக் கொடுக்கும் தேசியத் திட்டத்தின் மருந்து அது. முதல் தடவைக்குச் சரி. ஐந்தாவது தடவைக்கு அது விடை அல்ல.

போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து களிம்பு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது, தாம்பத்தியம் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். மாதவிடாய் நாளில் வேண்டாம். கடைசிப் பூஞ்சை மாத்திரை போட்டு ஓரிரண்டு வாரம் ஆகியிருந்தால் கல்ச்சர் நம்பகமாக இருக்கும். ஆனால் அரிப்பு தாங்கவில்லை என்றால் கணக்குப் பார்க்காமல் போய்விடுங்கள். அரிப்பு இருக்கிற நாளில் போவதுதான் நல்லது. அடங்கிய பிறகு போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

உள்ளே போனதும் “பூஞ்சை வந்திருக்கிறது” என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பேனா தானாக எழுதத் தொடங்கிவிடும். “ஒரு வருடத்தில் ஐந்து முறை அரிப்பு, இதுவரை யாரும் பரிசோதிக்கவில்லை. ஒருமுறை பார்த்து, பூஞ்சைக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு மருந்து எழுதுங்கள், டாக்டர்” என்று சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள். என்னிடம் அப்படி நீட்டியவர்கள் உண்டு.

கணவரைப் பற்றி: ஈஸ்ட் தொற்று பொதுவாகப் பால்வினை நோய் அல்ல. அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லாவிட்டால் மருந்து வேண்டாம். சோதனையில் டிரைக்கோமோனஸ் என்று வந்தால் கதை வேறு, இருவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும்.

ரிப்போர்ட் வரும்வரை வெறும் தண்ணீரால் வெளியே மட்டும் கழுவி, ஒற்றித் துடையுங்கள். டெட்டால் வேண்டாம், தயிர் வைக்க வேண்டாம். கேரம் போர்டுக்குப் போடும் போரிக் பவுடரைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அடங்காத கேண்டிடாவுக்கு நாங்கள் போரிக் அமிலத்தை அளந்து, உள்ளே வைக்கும் கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுப்பது உண்மைதான். ஆனால் வாயில் போனால் அது விஷம், கடைத்தூளைக் கிள்ளி வைக்கும் காரியமல்ல. உட்கார்ந்தே தைக்கிறவர் நீங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள், பருத்தி உள்ளாடை போதும்.

பூஞ்சை என்று உறுதியாகி, இனமும் அல்பிகன்ஸ் என்றால், முதலில் அடக்கிவிட்டு வாரம் ஒரு மாத்திரை வீதம் ஆறு மாதம் கொடுக்கும் முறை இருக்கிறது. சர்க்கரை மாத்திரைகளைச் சரிபார்க்காமல் அதை யாரும் உங்களுக்குத் தொடங்கக் கூடாது. அதுவரை தையல் மிஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளோடு ஒரு பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும். வியர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூனைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, முடிந்தால் சர்க்கரை அளவைப் பாருங்கள், 70க்குக் கீழே இருந்தால் அதைத் தேதியோடு குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தப் புது மாத்திரையின் பெயரையும் கல்ச்சரில் வந்த பெயரையும் எனக்கு எழுதுங்கள்.